தலைவருக்கு லைசன்ஸ் கொடுப்பது யார்?

“இந்த வேலுசாமிக்கு லைசன்ஸ் கொடுக்கத் தகுதி உள்ளவன் இலங்கையில் இன்னும் பிறக்கவில்லை.”

இதைச் சொன்னவர் வேலுசாமி. கோயில் கூட்டத்தில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், சாவு வீட்டில் பிரேதம் எடுக்கக் காத்திருந்த நேரத்திலும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. பெல்கந்தைத் தோட்டத்துக் கமிட்டித் தலைவர் அவர். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தலைவரே காட்டிக் கொடுத்தால்தான் தோட்டத்து மேல் டிவிஷன் சிரிக்கும். இந்த இடத்தை அவர் ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை.

அவருடைய நியாயம் எளிமையானது. தோட்டத்து ரோடு கம்பெனி ரோடு. கம்பெனி ரோட்டில் அரசாங்கத்துக்கு என்ன சோலி?

சங்கடம் என்னவென்றால், ஃபேக்டரி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் பெல்கந்தை ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெயின் ரோடு வந்ததும் இறங்குவார்கள், இன்ஜினை நிறுத்துவார்கள், பைக்கைத் தள்ளிக்கொண்டே ரோட்டைக் கடப்பார்கள். தள்ளுகிறவனிடம் போலிஸ் லைசன்ஸ் கேட்க முடியாது. மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவனிடமும் கேட்க முடியாது அல்லவா? அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

வேலுசாமி மட்டும் தள்ளியதே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஓட்டியே கடப்பார். கடக்கும்போது, தள்ளிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, “என்னடா, பைக்குக்கு நடை பழக்குறீங்களா?” என்று கேட்பார். ரப்பர் பால் வெட்டுகிற கதிரமலை அகப்பட்டால் கூடுதலாக ஒன்று விழும்.

“புள்ளத்தாச்சிப் பொஞ்சாதியக்கூட நீ இப்படித் தாங்கிக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டடா, கதிரமலை!”

கதிரமலை சிரித்துக்கொண்டே தள்ளுவார்.

இப்பேர்ப்பட்ட வீட்டில் போன வாரம் இடி விழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொடியில் பாவாடைக்குப் பின்னால் ஒரு எல் போர்டு காய்ந்துகொண்டிருந்ததை வேலுசாமி தன் கண்ணாலேயே பார்த்தார். ஒரே மகள் நிலுக்ஷி, எஹலியகொட டவுனில் வண்டி ஓட்டப் பழக்குகிற றம்ஸியா டீச்சரின் லேர்னர்ஸில் மாதக்கணக்காகப் பைக் பழகியிருக்கிறாள். மெடிக்கல் முடித்து, எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ணியிருக்கிறாள். பாக்கி இருந்தது ஓட்டிக் காட்டுகிற ட்ரயல் மட்டும்.

“எனக்கே லைசன்ஸ் இல்ல. ஒனக்கு எதுக்குடி?” என்று அவர் கேட்டார்.

“அதுக்குத்தான்” என்றாள் அவர் மனைவி புஷ்பலீலா.

அந்த ஒரு சொல்லில் வீடு இரண்டாக உடைந்தது. அன்றிலிருந்து புஷ்பலீலா எல்லோருக்கும் சமைத்தாள். அவர் தட்டை மட்டும் கவிழ்த்தே வைத்தாள்.

விஷயம் இதுதான். டவுனில் ஒரு லாப். வீடு வீடாகப் போய், நடக்க முடியாத நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருகிற வேலை. நிலுக்ஷி அதற்குப் படித்திருக்கிறாள், வேலைக்கு எடுபட்டும் விட்டாள். லைசன்ஸும் பைக்கும் இருந்தால் திங்கட்கிழமை வரலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயார் என்று லாப்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

“நம்ம ரத்தத்த அட்ட குடிக்கிறது பத்தாதா? நீ வேற ஊசி வச்சு உறியணுமா?” என்று கேட்டுப் பார்த்தார் வேலுசாமி. யாரும் சிரிக்கவில்லை. இது அவர் சிரிக்கச் சொன்ன இடம்.

இன்று வியாழக்கிழமை. இரத்தினபுரியில் ட்ரயல்.

விடியும்போதே மழை. நிலுக்ஷி ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். றம்ஸியா டீச்சரின் வேன் சந்தியில் நிற்கும். ஆனால் ரொம்ப நேரம் நிற்காது.

“நில்லு. நான் எறக்கி விட்றேன்” என்றார் வேலுசாமி.

“வேணாம்ப்பா. நடந்தே போறேன்.”

“தலைவர் மக மழையில நனைஞ்சுகிட்டுப் போனான்னு எனக்குப் பேரு வரணுமா? ஏறு.”

“லைசன்ஸ் எடுக்கப் போறவ, லைசன்ஸ் இல்லாதவர் பின்னால உக்காந்து போறதா?”

“ஏ புள்ள, இவளப் பாரு! பாஸாகுறதுக்கு முன்னாலயே போலிஸ்காரியாயிட்டா.”

புஷ்பலீலா அடுப்படியிலிருந்து வெளியே எட்டிப் பார்க்காமலே கத்தினாள். “ஏறித் தொலடி. வேன் போயிரும்.”

வேனுக்காக ஏறினாள். அப்பாவுக்காக அல்ல. அதை உட்கார்ந்த விதத்திலேயே காட்டினாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ரோடு வழுவழுவென்று இறங்கியது. அந்த கொங்கிரீட் ரோட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது வேலுசாமி வாங்கிக் கொடுத்த ரோடு. முன்பு அது ரோடே அல்ல, வாய்க்கால். ஆம்புலன்ஸ் ஏறாது. கம்பெனி காணியில் ஒரு மண்வெட்டி மண்கூடப் போட முடியாது என்று பிரதேச சபை சொல்லிவிட்டது. வேலுசாமி சபைக்கு முன்னால் ஆட்களோடு உட்கார்ந்தார், தோட்டத்துத் துரையோடு சண்டை போட்டார், கம்பெனியை ரோட்டை எழுதிக் கொடுக்க வைத்தார். சபை ரோட்டை எடுத்தது. கொங்கிரீட் போட்டது. போர்டு நட்டது. திறப்பு விழாவில் அவர் கழுத்தில் விழுந்த மாலை முழங்கால் வரை தொங்கியது.

ரோடு பொதுச் சொத்தான அன்றே அது போலிசுக்கும் சொத்தாகிவிட்டது என்பதை, மாலைக்குள் இருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில், அந்தப் போர்டுக்குக் கீழேயே, மழைக்கோட்டோடு ஒரு போலிஸ் சார்ஜன் நின்றார். கை காட்டினார்.

“லயிசன் எக?”

வேலுசாமியின் சிங்களம் சாதாரணச் சிங்களம் அல்ல, பிரதேச சபையையே கலக்கிய சிங்களம். அதை அவர் அவிழ்த்துவிட்டார். இது தோட்டத்து ரோடு. நான் தோட்டத்துத் தலைவர். இந்த மலையில் நான் பைக் ஓட்டத் தொடங்கியபோது ராலஹாமி, நீங்கள் ஸ்கூல் போயிருப்பீர்களோ என்னவோ. மெயின் ரோட்டில் போய்ப் பிடியுங்கள்.

சார்ஜன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இது யாருடைய ரோடு, தலைவர் மாத்தயா?” என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டுப் போர்டைக் காட்டினார்.

வேலுசாமி போர்டைப் பார்க்கவில்லை. அது என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“திறப்பு விழாவுக்கு நானும் டியூட்டிக்கு வந்தேன். நன்றாகப் பேசினீர்கள். ‘இனிமேல் இது கம்பெனி ரோடு அல்ல, அரசாங்கத்து ரோடு’ என்றீர்கள். நான் கை தட்டினேன்.”

லைசன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லை. சார்ஜன் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக எழுதினார். கோர்ட்டுக்கு ஒரு தேதி போட்டார். பைக் அங்கேயே நிற்கட்டும், லைசன்ஸ் உள்ள யாராவது வந்து எடுத்துப் போகலாம் என்றார்.

கீழே, சந்திப் பக்கம், ஒரு வேன் ஹோர்ன் அடித்தது.

நிலுக்ஷி சார்ஜனிடம், ட்ரயலுக்குப் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன், “நீங்கள் போங்கள், மகள்” என்றார்.

அவள் போகாமல் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“சந்தோசமா?”

“நீ போ. நா இவனப் பாத்துக்கிறேன்.”

“எவனப் பாத்துக்குவீங்க? இத்தன நாளா பாத்துக்கிட்ட லச்சணம்தான் இது! ஒங்க ரோடு, ஒங்க பைக், ஒங்க வாய். இதுல எனக்குன்னு என்னப்பா இருக்கு? இன்னைக்கு நா பெயிலானா திங்கக்கெழம எங்க போறது? பால் வெட்டவா? தலைவர் மகளாச்சேன்னு மரம் ரெண்டு சொட்டு கூடக் குடுக்குமா?”

“நிலுக்ஷி!”

“பேர் சொல்லிக் கூப்புட மட்டும்தான் தெரியுது.”

ஓடினாள். ஈரக் கொங்கிரீட்டில் செருப்புச் சத்தம் வளைவு வரை கேட்டது. பிறகு மறுபடி ஒரு ஹோர்ன். பிறகு ஒன்றுமில்லை. அவள் வேனைப் பிடித்தாளா, வேன் அவளை விட்டுவிட்டுப் போனதா என்று வேலுசாமிக்குத் தெரியவில்லை. போன் எடுத்துக் கேட்கலாம். கேட்டால் பதில் வருமே என்று கேட்கவில்லை.

லைசன்ஸ் உள்ள ஆள் வேண்டும். வேலுசாமி மேல் டிவிஷனை மனதுக்குள் லயம் லயமாக, வீடு வீடாகச் சுற்றி வந்தார். தோட்டத்து லொறி டிரைவர் ஒருவர்தான் உண்டு. அவர் ரப்பர் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார். அந்த லயங்களில் மற்றவர்கள் எவரும் லைசன்ஸ் பக்கமே போகாததற்குக் காரணம் அவர்கள் தலைவர் பேச்சைக் கேட்டு வளர்ந்ததுதான் என்று நினைத்தபோது, அவருக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

பைக்கை விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். மழை விட்டது. வெயில் வந்தது. தோட்டமும் வந்தது.

பால் வாளிகளோடு போன பெண்கள், “என்ன தலைவரே, மீட்டிங்கா?” என்றார்கள். ஒருத்தி, “ரோட்டுக்குக் காவல் இருக்காரு. யாராச்சும் சுருட்டிட்டுப் போயிருவான்ல” என்றாள். வேலுசாமி பல்லைக் கடித்தார்.

அடுத்து வந்தது கதிரமலை. பைக்கைத் தள்ளிக்கொண்டு. சார்ஜன் அவரைப் பார்த்து, “கொஹொமத, கதிர?” என்று குசலம் விசாரித்தார். கதிரமலை ஒரு கையை எடுத்து வணக்கம் வைத்தார். சட்டம் ஒரு மனிதனை இவ்வளவு பிரியமாகப் பார்த்து வேலுசாமி கண்டதில்லை.

“என்னடா பாக்குற?”

“ஒண்ணுமில்ல தலைவரே. முன்னெல்லாம் மெயின் ரோட்ட மட்டும்தான் தள்ளுவேன். நீங்க ரோடு வாங்கிக் குடுத்ததுல இருந்து லயத்துல இருந்தே தள்ளுறேன்.”

“நக்கலா?”

“நக்கல் இல்ல தலைவரே. முட்டி வலி.”

உச்சிப் பொழுதில் புஷ்பலீலா சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்தாள். பார்சலைப் பைக்கின் சீட்டில் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை.

“அவ போன் பண்ணினாளா?” என்று கேட்டார்.

“எனக்குப் பண்ணினா. வேன புடிச்சிட்டா. நாப்பது பேரு வரிசையில நிக்கிறாங்களாம். கை நடுங்குதும்மான்னு அழுவுறா. ஒங்களாலதான். அந்தக் கைய வச்சுக்கிட்டு எட்டுப் போடணும் அவ.”

எட்டுப் போடுவதைப் பற்றி அவரிடம் ஒரு நல்ல நக்கல் இருந்தது. பைக்கை வைத்துக் கோலம் போடுகிறார்கள் என்று. அது நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.

“பாஸாகிட்டான்னே வச்சுக்குங்க. இந்தப் பைக்குக்கு இன்சூரன்ஸ் போட அதோட பதிவுப் புத்தகம் வேணும். புத்தகம் ஒங்க தம்பிகிட்ட இருக்கு. போன எடுத்து அவருகிட்டப் பேசுங்க.”

“அவன் பேர எடுக்காத.”

பைக் தம்பி யோகராசாவினுடையது. எம்பிலிப்பிட்டியவில் கடை போட்டுப் போனபோது அண்ணனுக்கே விட்டுவிட்டுப் போனார். பெயர் மாற்றிக் கேட்டபோது மட்டும், ஒரு கல்யாண வீட்டில், பந்தியில், அத்தனை பேர் முன்னிலையில், “மொதல்ல லைசன்ஸ எடுண்ணே. அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். வேலுசாமி இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்று போன பேச்சு. தம்பி மகள் பெரியவளான விசேஷத்துக்கும் போகவில்லை, தம்பிக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போகவில்லை.

“அவரு சொன்னதுல என்ன தப்பு?” என்றாள் புஷ்பலீலா.

“சபையில வச்சுச் சொன்னான்.”

“நீங்க மட்டும் ரகசியமாவா சொன்னீங்க, ஒங்களுக்கு லைசன்ஸ் குடுக்க ஆள் பொறக்கலன்னு? ஊர் பூரா சொன்னீங்க. அவ ஒருத்தி பொறந்து, வளந்து, இன்னைக்குப் போயி நிக்கிறா. அவளுக்காகவாச்சும் அந்த வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டீங்க. தின்னுங்க.”

மேட்டில் ஏறிப் போய்விட்டாள். வேலுசாமி தின்னவில்லை. பிறகு தின்றார்.

வெயில் சாயும் நேரத்தில், கீழேயிருந்து ஒரு வேன் ஏறி வந்தது. கொங்கிரீட் போட்டதால் ஏறியது. றம்ஸியா டீச்சர் முதலில் இறங்கினார். பர்தாவுக்கு மேல் ஹெல்மெட் போட்டு டவுன் முழுக்கப் பைக் ஓட்டுகிற பெண்மணி. அவரைப் பற்றியும் வேலுசாமி முன்பு என்னென்னவோ சொல்லியிருக்கிறார்.

“வேலுசாமி அண்ணே, ஒங்கட மகள் ஒரே தரத்துல பாஸ், அல்ஹம்துலில்லாஹ்! முன்னால போன ஆம்புளைகள் எல்லாம் கால ஊண்டிட்டாங்க. இவ அழுதுட்டு நிண்டா. பேர் கூப்பிட்டதும் கண்ணத் தொடச்சிட்டு, கோவத்துல சுத்தினா பாருங்க ஒரு சுத்து! இன்ஸ்பெக்டர் ஒண்டும் செல்லல்ல. எழுதிட்டார்.”

நிலுக்ஷி இறங்கினாள். கையில் தற்காலிக லைசன்ஸ் தாள். மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள். அப்பாவிடம் நீட்டவில்லை. சார்ஜனிடம் காட்டினாள்.

சார்ஜன் வாசித்தார், சிரித்தார். “நல்லது மகள். பைக்கை நீங்களே வீட்டுக்கு ஓட்டிப் போங்கள். இன்சூரன்ஸ் இல்லைதான். மெதுவாகப் போனால் நான் பார்க்கவில்லை.”

வேலுசாமி எழுந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த இடுப்பு பிடித்திருந்தது. பைக் சாவியை மகளிடம் நீட்டினார். அது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய வாழ்த்துரை.

நிலுக்ஷி சாவியை வாங்கவில்லை.

“இன்சூரன்ஸ் இல்லாத பைக்ல நான் ஏற மாட்டேன்.”

“ஒரு மைல்கட்டை தூரம்தானம்மா. யாரு பாக்கப் போறா?”

“இதையேதான இத்தன வருசமா சொன்னீங்க? இன்னைக்குக் கெடச்ச லைசன்ஸ். இன்னைக்கே அதுல அழுக்குப் பண்ண நா தயாரில்ல. சார்ஜன் பாக்கலன்னாலும் நா பாப்பேன்ல?”

வேலுசாமி றம்ஸியா டீச்சரைப் பார்த்தார். “டீச்சர், நீங்களாச்சும்…”

“இன்சூரன்ஸ் இல்லாத வண்டியா? எனக்குப் புள்ளைகள் ஈக்குது அண்ணே” என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார். வேன் திரும்பிப் போனது.

“அப்ப பைக்க யாரு கொண்டு போறது?” வேலுசாமியின் குரல் உயர்ந்தது. கமிட்டிக் கூட்டத்தில் உயர்கிற உயரம்.

“கொண்டு வந்தவரு.”

அவ்வளவுதான் சொன்னாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கினாள்.

வேலுசாமி சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் ஆகாயத்தைப் பார்த்தார். வேறு பார்க்க ஆள் இல்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தார். தள்ளினார்.

பைக் இவ்வளவு கனம் என்று அவருக்கு இத்தனை நாளும் தெரியாது. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அந்த வசதியையும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

முன்னால் மகள் போனில் பேசிக்கொண்டே நடந்தாள்.

“சித்தப்பா, நான் நிலுக்ஷி… ஆமா, பாஸ்… எனக்குத்தான், அவருக்கில்ல… பைக் புத்தகம் வேணும் சித்தப்பா. திங்கக்கெழமைக்குள்ள. இல்லாட்டி வேல போயிரும்… என்னது?… அப்படியா?”

பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். மேட்டின் செங்குத்தான இடத்தில் வேலுசாமி அவளை எட்டிப் பிடித்தார். அவள் போனை நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது. தம்பி என்ன சொன்னான் என்று அந்த முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஒங்ககிட்ட பேசணுமாம்.”

“ரெண்டு கையும் பைக்ல இருக்கு. விட்டா உருண்டிரும்.” உண்மைதான். நல்ல வேளையாக உண்மை.

பின்னால் இன்னொரு பைக் ஏறி வருகிற சத்தம். இன்ஜின் சத்தம் இல்லை, சக்கரம் மட்டும். வேலை முடிந்து கதிரமலை வந்துகொண்டிருந்தார். வேலுசாமி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். இப்போது வரும். பைக்குக்கு நடை பழக்குறீங்களா என்று வரும்.

“இடுப்ப சீட்டுல அண்டக் குடுங்க தலைவரே” என்றார் கதிரமலை, மூச்சு வாங்கியபடி. “முன் பிரேக்க ஒரு கையால புடிச்சுக்குங்க. மத்தக் கை சும்மா கெடைக்கும்.”

தாண்டிப் போய்விட்டார்.

வேலுசாமி இடுப்பைச் சீட்டில் அண்டக் கொடுத்தார், பிரேக்கைப் பிடித்தார். பைக் மேட்டில் நின்றது. போனை வாங்க மற்றக் கையை மகள் பக்கம் நீட்டினார்.